ஆற்றங்கரைக்கு ஒரு தினக் குளிசை

மகாவலி கடலைத் தொடுமுன் கிளை பிரிகிறது. ஒரு கிளை மூதூர்ப் பக்கமாகப் போய்க் கொட்டியாரக் குடாவில் விழ, மற்றது வெருகல் ஆறு என்ற பெயரில் தென்கிழக்கே இறங்கி, சித்திரவேலாயுத சுவாமி கோயிலடியை ஒட்டி ஓடிக் கடலில் கலக்கிறது. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடி இது. ஆற்றைத் தாண்டினால் கதிரவெளி, வாகரை என்று மட்டக்களப்பு மாவட்டம் தொடங்கிவிடும். ஆவணித் தீர்த்தத்துக்கு இரண்டு மாவட்டத்துச் சனமும் வந்து சேரும். கதிர்காமத்துக்கு நடந்துபோகிறவர்கள் இங்கே தங்கி இளைப்பாறிப் போவார்கள். தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் ‘வெருகல் சித்திரவேலாயுதர் காதல்’ பாடிய நாளிலிருந்தே ஊருக்குப் பெயர் உண்டு. அங்கே போய்ச்சேர்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் கரையோரச் சாலை பாலங்கள் வரும்வரை துண்டு துண்டாகவே கிடந்தது. ஓர் ஆற்றங்கரையில் சாலை முடியும். ‘பாதை’ என்று சனம் சொல்லும் மிதவையில் வண்டியையும் ஆளையும் ஏற்றி அக்கரையில் இறக்கினால் சாலை மறுபடி தொடங்கும். மாரியில் மகாவலி பெருகினால் பாதை ஓடாது. மூதூரை எட்டிவிட்டாலும் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் குடாவைக் குறுக்கே கடக்க லோஞ்சு ஏறவேண்டியிருந்தது. காய்ச்சல்காரனைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இத்தனை நீரையும் தாண்டியாக வேண்டியிருந்தது.

ஈரல் சுருங்கி, முடிச்சு முடிச்சாக இறுகிப்போகும் நோய் சிரோசிஸ். அது முற்றியவருக்கு வயிற்றுக்குள் நீர் கட்டும். குடலில் குடியிருக்கும் கிருமி ஒரு நாள் அந்த நீருக்குள் இறங்கிவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு மணித்தியாலமும் உயிருக்குக் கணக்கு. அப்படி இறங்காமல் தடுக்க நாளுக்கு ஒரு அன்டிபயோட்டிக் குளிசை கொடுக்கும் வழக்கம் உலகில் ஊன்றி நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. பெரிய வைத்தியசாலைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு அந்தக் குளிசை கூடுதல் பாதுகாப்பு. வெருகல் போன்ற ஊரில் இருப்பவருக்கு அதுவே முதல் வைத்தியம். இந்த வழக்கத்தின் கதையை ஆற்றங்கரையில் நின்று பார்க்க வேண்டியது அதனால்தான்.

நோய் பழையது. தமிழ் வைத்தியம் அதை மகோதரம் என்றும் பெருவயிறு என்றும் அறிந்திருந்தது. கை, கால், தோள் எல்லாம் வற்றி, வயிறு மட்டும் பானையாகி, தொப்புள் வெளியே தள்ளி, வயிற்றின் மேல் நீல நரம்புகள் படர்ந்த ஆளைப் பார்த்த எந்தப் பரியாரியாரும் இரண்டாம் தடவை நாடி பிடிக்கத் தேவையில்லை. உப்பை நிறுத்து, பேதிக்குக் கொடு, செங்கமாரி சேர்ந்திருந்தால் கீழ்க்காய்நெல்லி என்று வைத்தியம் போகும். இதில் உப்பை நிறுத்தும் பத்தியம் இன்றைய கிளினிக்கிலும் முதல் வரியாக எழுதப்படுகிறது. யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்தியப் பெருநூலான பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1920களிலும் 30களிலும் பாகம் பாகமாக அச்சுக்குக் கொண்டுவந்தார். அவர் பாடுபட்டிராவிட்டால் ஈழத்துப் பரியாரிமரபில் எழுத்தாக நின்றதில் பெரும்பகுதி ஏட்டோடு செல்லரித்துப் போயிருக்கும்.

நீரைக் குத்தி எடுப்பதும் புதிதல்ல. சுசுருத சம்ஹிதை அதற்கென்று ஒரு கருவியைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் குத்தி, குழாய் செருகி நீரை வடிக்கச் சொல்கிறது. முழு நீரையும் ஒரே நாளில் எடுக்காதே, எடுத்தால் தாகமும் சுரமும் மூச்சுத்திணறலும் வரும், கொஞ்சம் கொஞ்சமாக எடு, எடுத்தபின் வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டு, ஆறு மாதம் பாலை முக்கிய உணவாக்கு என்று அது எச்சரிக்கிறது. இன்றும் ஊசி பெரும்பாலும் இடப்பக்க அடிவயிற்றில்தான் இறங்குகிறது. ஐந்து லீற்றருக்கு மேல் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லீற்றருக்கும் எட்டுக் கிராம் வரை அல்புமின் புரதத்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். சட்டென்று நீர் குறைந்தால் இரத்த ஓட்டம் தளர்ந்து சிறுநீரகம் நின்றுவிடும் என்ற அதே அச்சம்தான் காரணம்.

வெருகலுக்கு மேலே, அதே மகாவலியின் படுகையில் பொலன்னறுவை இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு காலத்தில் எழுந்த ஆளாகன பிரிவேனாவின் வைத்தியசாலையைத் தோண்டியபோது கத்தரிக்கோல், சலாகை, இடுக்கி எனச் சத்திரக் கருவிகள் கிடைத்தன. ஆனால் அந்தக் கருவிகள் கிடந்த காலத்தில் ஊசிமுனையில் கிருமி உண்டு என்று எவருக்கும் தெரியாது.

பிறகு பல நூற்றாண்டுகளுக்குக் கொட்டியாரப் பக்கம் என்றாலே காய்ச்சல்தான். 1659இல் மசூலிப்பட்டினக் கரையில் புயலில் அடிபட்ட ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் பாய்மரம் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி மன்னனின் ஆட்கள் கப்பித்தானையும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் பிடித்துப்போனார்கள். தகப்பன் அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறையிருந்து தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். மலேரியா பரவிக்கிடந்த வறண்ட வலயத்தில் வயிறு வீங்கியவர்கள் எங்கும் இருந்தார்கள். பலருக்கு அது மண்ணீரல் வீக்கம். 20ஆம் நூற்றாண்டின் மலேரியா ஆய்வாளர்கள் பாடசாலைப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே தடவிப் பார்த்துத்தான் ஓர் ஊரின் நோய்ச்சுமையைக் கணித்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஈரல் கெட்டு நீர் கட்டிய வயிறு தனியாகத் தெரிந்திருக்க வழியில்லை.

ஈரலைக் கெடுத்த காரணங்களில் ஒன்று சாராயம். பிரித்தானிய ஆட்சியில் சாராயக் குத்தகை அரசுக்குப் பெரும் வருமானம். கோட்டைப் படையினருக்கு அது தினப்படி. 1904இலும் 1912இலும் மதுவிலக்கு இயக்கம் நாடு முழுக்கக் கிளம்பியது இந்த வருமானக் கொள்கைக்கு எதிராகத்தான். பின்னாளில் கசிப்பு அந்த இடத்தைப் பிடித்தது. ஆனால் சிரோசிஸ்காரர் என்றதும் குடிகாரர் என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். ராகமையில் களனிப் பல்கலைக்கழகத்தார் 35 முதல் 64 வயது வரையானோரைச் சோதித்தபோது மூன்றில் ஒருவருக்கு, குடியோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. நீரிழிவும் பருமனும் சேர்ந்து அதில் ஒரு பகுதியைச் சிரோசிஸ்வரை கொண்டுபோகின்றன. ஒரு துளி தொடாத மனிசியும் வயிற்றில் நீரோடு வார்டில் படுத்திருப்பார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் அவரைப் பார்க்கும் பார்வையையும் அவர் தாங்கிக்கொள்ள வேண்டும்.

தமிழில் மேலை வைத்தியம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். ஆங்கிலத்தில் படித்த மாணவர்கள் அரச வேலை தேடிப் பட்டணம் போய்விடுவதைக் கண்டு, 1860களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். ‘இரணவைத்தியம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ எனப் பாடநூல்கள் வந்தன. தமிழில் படித்தவன் கிராமத்தில் தங்குவான் என்பது அவர் எண்ணம். 1858இல் அரச வைத்தியத் திணைக்களமும் 1870இல் கொழும்பு வைத்தியக் கல்லூரியும் வந்தபின் கல்வி ஆங்கிலத்துக்கே போனது. தூரத்துக் கிராமங்களைத் தாங்கியவர்கள் அப்போதிக்கரிமார். ஒற்றை அறை டிஸ்பென்சறி, சில போத்தல் கலவை மருந்து, ஒரு சைக்கிள். கிறீன் கேட்ட கேள்வி, அதாவது வைத்தியன் எங்கே தங்குவான் என்பது, கிழக்கின் கரையோரத்தில் இன்றைக்கும் தீரவில்லை.

இதே காலத்துக்குச் சற்று முன் வியன்னாவில் ஒரு பிரபலமான வயிறு நீரால் நிறைந்தது. இசைமேதை பீத்தோவனுக்கு 1826 டிசம்பர் 20ஆம் திகதி முதல் தடவை வயிற்றில் குத்தி நீர் எடுத்தார்கள். அடுத்த இரண்டு மாதங்களில் மேலும் மூன்று தடவை. குத்திய இடம் சிவந்து அழன்றது. புண்ணிலிருந்து நீர் கசிந்து படுக்கை நனைந்தது. 1827 மார்ச் 26 அன்று அவர் இறந்தார். உடலைத் திறந்து பார்த்தவர்கள், சுருங்கி முடிச்சு விழுந்த ஈரலைக் குறித்துவைத்தார்கள். ஐரோப்பாவின் மிகச் சிறந்த வைத்தியர்கள் வாழ்ந்த நகரத்தில் அவருக்குக் கிடைத்தது சுசுருதர் சொன்ன அளவைத் தாண்டவில்லை.

சிரோசிஸ் என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு வைத்தியர் லயனெக், ஆண்டு 1819. வயிற்றுநீரில் தானாகக் கிருமி ஏறுவதைத் தனி நோயாகப் பிரித்தறிய இன்னும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. 1963இல் இங்கிலாந்தில் கெர், பியர்சன், ரீட் மூவரும், 1964இல் அமெரிக்காவில் ஹரல்ட் கொன்னும் எழுதிய கட்டுரைகள்தான் வைத்திய உலகை உலுக்கின. அதுவரை வயிற்றுறை அழற்சி என்றால் குடல் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது, வயிற்றைத் திற என்பதே விதி. சிரோசிஸ்காரரின் வயிற்றைத் திறந்தால் ஓட்டை எதுவும் இராது. நோயாளி அறுவையையும் தாங்கமாட்டார். ஓட்டை இல்லாமலே கிருமி வருகிறது என்று கொன் நிறுவினார். அன்றைக்கு இந்த நோய் வந்தவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் இறந்தார்கள்.

வழி எப்படி? ஈரல் இறுகினால் குடலிலிருந்து அதற்கு வரும் இரத்தம் தேங்கும். குடற்சுவர் ஊதி நலியும். இ. கோலை போன்ற கிருமிகள் சுவரைத் தாண்டி நிணநீர் முடிச்சுகளுக்கும் அங்கிருந்து இரத்தத்துக்கும் போகும். நல்ல ஈரல் அவற்றை வடிகட்டிவிடும். சிரோசிஸ் ஈரலில் இரத்தம் வடிகட்டியைச் சுற்றி வேறு வழியாகப் போய்விடுகிறது. கடைசியில் அவை வந்துசேரும் வயிற்றுநீரிலோ எதிர்க்கும் புரதம் குறைவு. புரதம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆபத்து என்று 1980களில் அமெரிக்க வைத்தியர் புரூஸ் ரன்யன் காட்டினார். நீரை எடுத்த கட்டிலடியிலேயே இரத்த வளர்ப்புப் போத்தலில் ஊற்றினால்தான் கிருமி பிடிபடும் என்று வற்புறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். நோயைத் தீர்மானிக்கும் அளவு எளிது: ஒரு கனமில்லிமீற்றர் நீரில் நியூட்ரோபில் வெள்ளணுக்கள் 250ஐ எட்டினால் நோய் உறுதி. வளர்ப்பு முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. எண்ணுவதற்கு ஒரு நுண்ணோக்கியும் பழகிய கண்ணும் போதும்.

மருந்து வந்த வழியில் கிழக்கிலங்கைக்கு நெருக்கமான ஒரு திருப்பம் இருக்கிறது. மலேரியாவுக்கான குளோரோகுயின் 1934இல் ஜேர்மனியில் பிறந்தது. 1934–35இல் இலங்கையில் மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. பின்னர் டீ.டீ.ரீ. தெளிப்பும் குளோரோகுயினும் சேர்ந்து 1963இல் நோயாளர் தொகையை 17க்கு இறக்கின. கவனம் தளர்ந்ததும் 1960களின் இறுதியில் நோய் லட்சக்கணக்கில் திரும்பியது. கடைசியில் 2016இல்தான் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. இதற்கிடையே 1962இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் லெஷரும் தோழர்களும், குளோரோகுயின் தயாரிக்கும்போது பக்கத்தில் விளைந்த ஒரு பொருளிலிருந்து நாலிடிக்சிக் அமிலத்தை எடுத்தார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு அது உதவியது. அதன் வழித்தோன்றல்தான் 1970களின் இறுதியில் ஜப்பானின் கியோரின் நிறுவனம் உருவாக்கிய நோர்புளொக்சசின். கொட்டியாரத்துக் காய்ச்சலை விரட்டிய மருந்தின் கிளையில்தான் வயிற்றுநீரைக் காக்கும் குளிசை காய்த்தது.

வந்த நோயைத் தீர்க்கும் மருந்துக்கும் ஒரு கரையோரக் கதை உண்டு. 1945இல் சார்தினியாத் தீவின் கல்யாரி நகரில் கழிவுநீர் கடலில் விழும் இடத்தருகே ஜுசெப்பே புரொட்சு ஒரு பூஞ்சணத்தைக் கண்டார். ஒக்ஸ்போர்ட்டில் அதிலிருந்து செபலோஸ்போரின்கள் பிறந்தன. அந்த வரிசையில் வந்த செபொடாக்சிம் பழைய இரட்டை மருந்தைவிட இந்த நோய்க்கு நல்லது, சிறுநீரகத்துக்குக் கெடுதல் குறைவு என்று பார்சிலோனா வைத்தியர்கள் 1985இல் காட்டினார்கள். 1999இல் அதே குழுவினர் 126 பேரில் செய்த ஆய்வில், செபொடாக்சிமோடு அல்புமினும் ஏற்றியபோது வைத்தியசாலையில் இறந்தவர்கள் 29 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தார்கள். அல்புமின் விலை கூடிய மருந்து. மனித இரத்தத்திலிருந்து எடுப்பது. எல்லா வைத்தியசாலையிலும் கையிருப்பில் இராது.

தினக் குளிசை வழக்கத்தின் பிறப்பிடமும் பார்சிலோனாவே. அங்கே ஹொஸ்பிற்றல் கிளினிக்கில் ஈரல் பிரிவைக் கட்டியெழுப்பியவர் ஹுவான் ரொடேஸ். அவர் லண்டனில் ஷீலா ஷேர்லக்கிடம் பயின்றவர். இந்த நோயிலிருந்து ஒருமுறை பிழைத்தவர்களை அவர்கள் விடாமல் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஓராண்டுக்குள் பத்தில் ஏழு பேருக்கு மறுபடி வந்தது. 1990இல் ஜினேஸ், ரிமோலா முதலியோர் அப்படிப் பிழைத்த 80 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் நோர்புளொக்சசினும் மறுபாதிக்கு வெறும் குளிசையும் கொடுத்தார்கள். ஓராண்டில் நோய் திரும்பும் வாய்ப்பு ஒரு பக்கம் 68 சதவீதம், மருந்துக்காரர் பக்கம் 20. குடலிலுள்ள கெட்ட கிருமிகளைக் குறைத்து, நல்லவற்றைப் பெரும்பாலும் தொடாமல் விடுவதே இந்த மருந்தின் சிறப்பு. உலகத்து வைத்திய வழிகாட்டிகள் எல்லாம் இந்தச் சிறு ஆய்வின் மேல்தான் முதல் கல்லை வைத்தன.

பிறகு வட்டம் விரிந்தது. சிரோசிஸ்காரர் இரத்த வாந்தி எடுத்தாலோ தார்போலக் கறுப்பாக மலம் போனாலோ அந்தச் சில நாள்களில் கிருமி ஏறும் ஆபத்து மிக அதிகம். ஆகவே ஒரு வாரம்வரை அன்டிபயோட்டிக் கொடுப்பது உயிர் காக்கிறது என்று பல ஆய்வுகள் ஒன்றுசேர்ந்து காட்டின. நோய் முற்றியவருக்கு அப்போது நரம்பில் ஏற்றும் செப்திரியாக்சோன் குளிசையைவிட நல்லது என்று 2006இல் தெரிந்தது. ஒருமுறையும் தொற்று வராதவர்களில் யாருக்குக் கொடுக்கலாம் என்பதை 2007இல் பெர்னாண்டஸ் குழு ஆராய்ந்தது. வயிற்றுநீரில் புரதம் டெசிலீற்றருக்கு 1.5 கிராமுக்குக் கீழே, கூடவே ஈரலோ சிறுநீரகமோ தளர்ந்தவர்கள் 68 பேர். ஓராண்டில் தொற்று 61 சதவீதத்துக்கு எதிராக 7 சதவீதம். அதற்கு முன்பே, 1995இல், பிற்ஸ்பேர்க்கில் நினா சிங் என்ற வைத்தியர் வாரம் ஐந்து நாள் கோட்ரைமொக்சசோல் கொடுத்து, 30 பேரில் 8 ஆக இருந்த தொற்றை 30க்கு 1 ஆக்கியிருந்தார். கோட்ரைமொக்சசோல் ஏழை நாட்டு டிஸ்பென்சறியிலும் கிடைக்கும் மலிவு மருந்து. இந்தக் கரையோரத்துக்கு அந்தச் சிறிய ஆய்வுதான் அதிகம் பேசுகிறது.

மலிவு மருந்து தூரத்து ஊருக்கு வந்துசேர்ந்ததற்கு இலங்கையில் ஒரு மனிதரின் உழைப்பு பின்னால் நிற்கிறது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அறிக்கை எழுதி, 1971இல் அமைந்த அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானார். ஏறக்குறைய 2,100 ஆக இருந்த மருந்துப் பட்டியலை 600 அளவுக்குக் குறைத்தார். வணிகப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் வாங்கினார். பெரிய கம்பனிகளின் எதிர்ப்பை அவர் சமாளிக்க வேண்டியிருந்தது. 1977இல் கயானாவில் இருந்தபோது காலமானார். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வந்தது. வெருகல் பக்கத்துக் கிளினிக்கில் காசு வாங்காமல் ஒரு மாதக் குளிசையைப் பொட்டலம் கட்டிக் கொடுக்க முடிகிறதென்றால், பிபிலே போட்ட பாதை அதில் பாதி. தமிழில் அவரைப் பற்றி இன்னும் நிறைய எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் பொட்டலம் கைக்கு வர ஊர் இருக்க வேண்டும். 2004 ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் புலிகளின் இரு பிரிவுகள் மோதின. அதே ஆண்டு டிசம்பர் 26இல் கடல் புகுந்தது. 2006 யூலையில் மாவிலாற்று மதகுப் பிணக்கோடு போர் திரும்பியது. ஓகஸ்ட் 4இல் மூதூரில் பட்டினிக்கெதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டார்கள். ஈச்சிலம்பற்று, வெருகல் சனம் ஆற்றைத் தாண்டி வாகரைக்கும், அங்கிருந்து காட்டு வழியும் கடல் வழியும் மட்டக்களப்பு முகாம்களுக்கும் ஓடியது. நாள்தோறும் தவறாமல் விழுங்க வேண்டிய மருந்துக்கு இடப்பெயர்வைவிடப் பெரிய எதிரி கிடையாது. கிளினிக் கொப்பி தொலைந்தால் என்ன மருந்து, எதற்காக என்று சொல்லவும் ஆளில்லை. நீரிழிவுக்காரரும் இழுப்புக்காரரும் பட்ட பாட்டைப் பலர் எழுதினார்கள். ஈரல் நோயாளி அந்தக் கணக்கில் வரவே இல்லை.

போர் முடிந்தபின் 2009 ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கரையோரச் சாலையின் மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன, பாதைகள் ஒதுங்கின. 2016இல் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கிய ‘1990 சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் பின்னர் நாடு முழுக்கப் பரவியது. தூரம் குறைந்தது உண்மை. எனினும் 2011 சனவரி வெள்ளம்போல மகாவலி பெருகும்போது வெருகல் இப்போதும் தீவாகிறது.

அமெரிக்காவில் 239 நோயாளிகளைப் பார்த்து 2014இல் வந்த ஓர் ஆய்வு இந்த இடத்தில் முக்கியம். வைத்தியசாலைக்கு வந்து 12 மணித்தியாலத்துக்குள் வயிற்றுநீரை எடுத்துச் சோதித்தவர்களில் 13 சதவீதம் பேர் இறந்தார்கள். பிந்தியவர்களில் 27 சதவீதம். ஒவ்வொரு மணித்தியாலத் தாமதத்துக்கும் இறப்பு 3.3 சதவீதம் கூடியது. இது கட்டிலில் படுத்தபின் நடக்கும் தாமதம் மட்டும். ஊரில் ‘விடியட்டும் பார்ப்போம்’ என்று கழிந்த இரவும், வண்டி தேடிய நேரமும், மூதூரிலிருந்து திருகோணமலைக்கு மாற்றிய நேரமும் அந்தக் கணக்கில் இல்லை. இந்த நோயில் காய்ச்சல் பெரும்பாலும் இலேசாகவே இருக்கும். சிலருக்கு வயிற்றுநோவும் இராது, பேச்சு மட்டும் குழம்பும். வீட்டார் அவசரம் என்று உணர்வதற்கே அரை நாள் போய்விடும். கொழும்புக்கும் பார்சிலோனாவுக்கும் எழுதிய வழிகாட்டியை வெருகலுக்கு அப்படியே வைத்தால் போதாது என்று சொல்வதற்கு இந்த எண்களே ஆதாரம். யாருக்குத் தடுப்பு தேவை என்பதை நேரத்தோடு கண்டுபிடித்துக் கொடுக்கும் வேலை இங்கேதான் அதிக உயிர் காக்கும்.

அதற்காக வயிற்றில் நீர் கண்டவுடன் எல்லோருக்கும் குளிசை என்பதும் சரியாகாது. நோர்புளொக்சசினை நீண்டகாலம் எடுத்தவர்களில் அதற்கு அடங்காத கிருமிகள் தலைதூக்குவதைப் பார்சிலோனாக்காரரே 2002இல் எழுதினார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் வைத்தியசாலை இ. கோலையில் பெரும்பங்கு இந்தக் குடும்ப மருந்துக்கு மசிவதில்லை. தடிமனுக்கும் வயிற்றோட்டத்துக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய பழக்கத்துக்கு அதில் பங்கு உண்டு. அமெரிக்கச் சந்தையிலிருந்து நோர்புளொக்சசினே 2014இல் போய்விட்டது. அங்கே சிப்ரோபுளொக்சசின் அந்த இடத்தை எடுத்தது. 2018இல் பிரான்சில் முற்றிய சிரோசிஸ்காரர் 291 பேரில் செய்த ஆய்வு, எல்லோருக்கும் ஆறு மாதம் கொடுத்தால் எல்லோரும் கூடக் காலம் வாழ்வார்கள் என்று காட்டவில்லை; வயிற்றுநீரில் புரதம் குறைந்தவர்களுக்கே பலன் தெரிந்தது. ஒமிப்பிரசோல் போன்ற அமிலங்குறைக்கும் குளிசையைத் தேவையில்லாமல் தொடர்ந்தால் இந்தத் தொற்று வரும் ஆபத்து கூடுகிறது என்பதும் பல ஆய்வுகளில் தெரிந்தது. கிளினிக் கொப்பியில் ஆண்டுக்கணக்காகத் தொடரும் அந்த வரியை ஒருவர் நிறுத்திப் பார்ப்பதும் தடுப்பு வைத்தியமே.

ஆகவே வரிசை இப்படி அமைகிறது. ஒருமுறை தொற்று வந்து பிழைத்தவருக்கு நிச்சயம். இரத்தம் கக்கியவருக்குக் குறுகிய நாள். புரதம் குறைந்து, ஈரலும் சிறுநீரகமும் தளர்ந்தவருக்கு வைத்தியர் நிறுத்துப் பார்த்து. முதல் இரண்டுக்கும் பெரிய சோதனை தேவையில்லை. மூன்றாவதற்கு நீரில் புரதம் பார்க்க வேண்டும். அது விலை குறைந்த சோதனை. கோட்ரைமொக்சசோல் கொடுத்தால், நீர் இறங்க இவர்கள் ஏற்கெனவே எடுக்கும் ஸ்பைரனோலக்டோனோடு சேர்ந்து இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடும்; அதை இடைக்கிடை அளக்க வேண்டும். 2022 நெருக்கடியில் நாட்டு வைத்தியசாலைகளில் சாதாரண மருந்துகளே தட்டுப்பட்டபோது, ஒரு மாதக் குளிசை தவறினால் என்ன ஆகும் என்பது தூரத்துக் கிளினிக்குகளுக்கு முன்னரே தெரிந்த பாடமாக இருந்தது. மழைக்காலத்துக்கு முன் இரண்டு மாதக் கையிருப்பைக் கொடுத்துவைக்கச் சுற்றறிக்கை தேவையில்லை. ஒரு வைத்திய அதிகாரியின் தீர்மானம் போதும்.

குளிசை எடுப்பவரின் வீட்டாருக்கும் சில விஷயம் சொல்லி அனுப்ப வேண்டும். மருந்து ஒழுங்காக எடுத்தாலும் தொற்று வரலாம். இலேசான காய்ச்சல், வயிற்றுநோவு, பகலில் தூங்கி இரவில் விழித்திருத்தல், பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைதல், கறுத்த மலம்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை பார்த்திருக்காமல் 1990ஐ அழைத்து மூதூர் ஆதார வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும், போனதும், வயிற்றுநீரை எடுத்துச் சோதித்தார்களா என்று கேட்கவும் வேண்டும்.